ரப்பரில் பதிந்த இரண்டு புள்ளிகள்

என் கணவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாட்சி, என் நாத்தனார்.

இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். கோபம் வந்தால் நானே 'டிரைவர் சார்' என்பேன். சென்ற வருடம் இடது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியில்லாமல், சத்தமில்லாமல் பார்வை போய்விட்டது. பேருந்து ஓட்டும் லைசென்ஸையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஏழு மாதமாக மனிதர் கேட்டைத் தாண்டவில்லை. வேறு யாராவது ஓட்டும் வண்டியில் பயணியாக ஏறுவதில்லை என்று ஒரே பிடி. பேருந்து வேண்டாம், ஆட்டோ வேண்டாம், தங்கையின் கார் வேண்டாம். வலது கண்ணையாவது காப்பாற்றியாக வேண்டும் என்று கண் டாக்டர் கொடுத்த தேதிகளில் இரண்டு போயே போய்விட்டன. ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில், பதினான்கு கிலோமீட்டர் தள்ளி. தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். ஆனால் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

அன்று எதிர்வீட்டிலிருந்து நாத்தனார் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தாள்.

"அண்ணா, வண்டி வாசல்ல நிக்குது. சட்டையை மாட்டுங்க, டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

"நீ ஓட்ட, நான் உட்காரவா? நீ ரிவர்ஸ் எடுக்கறதைப் பாத்தா இருக்கற கண்ணும் போயிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்ப யாரு ஓட்டினா ஏறுவீங்க? அதையாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் சமையலறை ஜன்னல் வழியாகப் பின்கட்டுக் கொட்டகையைக் காட்டினார். அங்கே தார்ப்பாய் போர்த்தி நின்றது அவருடைய பழைய மோட்டார் சைக்கிள். இரட்டை சிலிண்டர், நாற்பத்து மூன்று வயது, ஆறு வருடமாகக் கிளம்பாதது. கல்யாணமான புதிதில் அதில்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், லைசென்ஸும் எடுக்க வைத்தார். அதற்குப் பிறகு சாவியை என் கையில் கொடுத்ததே இல்லை. நான் பின் சீட்டுதான்.

"அதை ஓட வெச்சுக் காட்டு. அன்னைக்கு உன் பின்னாடி வாயை மூடிட்டு உட்காந்து வரேன்."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை. நாத்தனார் என்னைப் பார்த்தாள். "அண்ணி, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"நல்லா கேட்டுக்கிட்டேன்" என்றேன்.

நான் பல் செட் செய்பவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே விளக்கு. டாக்டர் நோயாளியின் ஈறுகளை மெழுகு மாதிரியான பசையில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சைப் படித்து, அதற்குப் பொருந்தும்படி பல் வரிசையைச் செய்து கொடுப்பது என் வேலை. ஓரத்தில் மயிரிழை அளவு காற்று நுழைந்தாலும் பல் செட் பேசும்போது கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழும். நான் செய்தது இதுவரை யார் தட்டிலும் விழுந்ததில்லை. இதைத் தற்பெருமையாகத்தான் சொல்கிறேன்.

வண்டியோடு வந்த பழைய கையேட்டை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில் உள்ளுக்குள் பெரிய சேதமில்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றி, மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யும் அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, "இது யாரோட வாய்?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரோடது" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டது காற்று விஷயத்தில். கார்புரேட்டருக்குப் போகும் காற்றை வடிகட்ட சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதை எலிகள் குடும்பம் குடும்பமாகக் கடித்துத் துப்பியிருந்தன. அந்த மாடலுக்கு இப்போது பெட்டி எங்கேயும் கிடைக்காது. உதிரி பாகக் கடைக்காரர் இரண்டு கூம்பு ஃபில்டர்களை எடுத்து மேசையில் வைத்தார். பருத்தித் துணியும் கம்பி வலையுமாக, கழுத்தில் தடித்த ரப்பர் வளையம், அதை இறுக்க ஒரு கிளாம்ப் பட்டை.

"பெட்டியே வேணாம்மா. இதை நேரா கார்புரேட்டர் வாயில சொருகி கிளாம்ப்பை முறுக்குங்க. ஆனா இதுல காத்து தாராளமா வரும், அதுக்கேத்த மாதிரி பெட்ரோலும் ஜாஸ்தி வேணும். பெரிய ஜெட்டு போட்டுக்கங்க."

ஜெட் என்பது பெட்ரோல் போகும் நுண்துளை வைத்த ஒரு சின்னப் பித்தளைத் திருகு. துளையின் அளவு எண்ணாக அதன் தலையில் குத்தியிருக்கும். என் வண்டியில் இருந்தது நூற்றுப்பத்து. நூற்றைந்தில் தொடங்கி நூற்று முப்பது வரை ஜோடி ஜோடியாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஃபில்டரை மாட்டியபோது என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. காற்று திருட்டுத்தனமாக எந்த ஓரத்திலும் நுழையக் கூடாது. ரப்பரைச் சூடான தண்ணீரில் நனைத்து இளக்கி, இரண்டு உள்ளங்கையாலும் கடைசி வரை அழுத்தி, கிளாம்ப்பை இறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. டிரைவர் சமையலறைப் படியிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து, வலது கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு ஃபில்டர்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார். குறை சொல்ல ஒன்றுமில்லாததால்தான் பேசாமல் போகிறார் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

வண்டி கிளம்பியது. கிளம்பி, கரும்புகையாகக் கக்கியது.

பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வாகன ஆய்வு நிலையத்தில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு, மூன்றிலும் தவறினால் பதிவு எண்ணையே ரத்து செய்துவிடுவார்கள், அப்புறம் அது இரும்புதான். முதல் தடவை புகைக் குழாயில் கருவியைச் செருகிய ஆய்வாளர், திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது வண்டியா, செங்கல் சூளையா?" என்றார். நான் முதலில் போட்டிருந்த நூற்றிருபத்தைந்து ஜெட்டை எடுத்துவிட்டு நூற்றிருபது போட்டேன், அப்புறம் நூற்றுப் பதினைந்து, நூற்றுப்பத்து. ஒவ்வொரு தடவையும் எஞ்சினுக்குள் பொறி தட்டும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். எனக்குக் கிடைத்ததெல்லாம் அடுப்புக்கரி. கடைசியில் நூற்றைந்துக்கு இறங்கினேன். இரண்டாவது தடவை புகை கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஆய்வு நிலையத்தின் சரிவு மேடையில் பாதி ஏறும்போதே வண்டி இருமி நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் பார்க்கப் பார்க்க, நான் அதைத் தள்ளிக்கொண்டே இறங்கினேன். அன்று வழியெல்லாம் அழுதேன். அழுகை அவமானத்தில் வந்ததில்லை, ஆத்திரத்தில் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் கேட்டார். "என்ன பல்லுக்காரி, இன்னைக்கு எத்தனை பல்லு பிடுங்கின?"

"உங்களோடதுதான் பாக்கி" என்றேன்.

மூன்றாவது வாய்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கண் டாக்டரின் தேதி. இதையும் விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் அந்தக் கண் தாங்குமா என்று கேட்டதற்கு, தொலைபேசியில் பேசிய பெண் 'அதை டாக்டர்தான் சொல்லணும்' என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் இடித்தது. பெரிய ஜெட் போட்டாலும் கறுப்பு, சின்ன ஜெட் போட்டாலும் கறுப்பு. அப்படியென்றால் கோளாறு பெட்ரோலில் இல்லை. நான் தப்பான இடத்தை நோண்டிக்கொண்டிருக்கிறேன்.

கிளாம்ப்பைத் தளர்த்தி இடது ஃபில்டரை உருவினேன். அது சுலபத்தில் வரவில்லை, அவ்வளவு இறுக்கம். ரப்பர் கழுத்தைக் கவிழ்த்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். கழுத்தின் உள்பக்கத்தில் ஓர் உதடு போல ரப்பர் மடிந்திருந்தது. நான் அழுத்தி அழுத்தி உட்கார வைத்ததில் கார்புரேட்டர் வாயின் விளிம்பு அந்த உதட்டில் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. அருமையான அச்சு, டாக்டரம்மா எடுப்பதில்கூட இவ்வளவு சுத்தம் இருக்காது. அந்த விளிம்புக் கோட்டுக்குள், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி, இரண்டு சின்ன வட்டப் புள்ளிகள் மேடாக எழும்பி நின்றன.

அச்சில் மேடு இருந்தால் வாயில் பள்ளம் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தானே பார்க்கிறேன்.

கைப்பையிலிருந்து பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து கார்புரேட்டர் வாய்க்குள் விட்டேன். விளிம்புக்குச் சற்று உள்ளே, ஊசி நுழையும் அளவில் இரண்டு ஓட்டைகள். பழைய கையேட்டைப் புரட்டினேன். படத்தில் இரண்டு அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது: ஒன்று மெதுவாக ஓடும்போது பெட்ரோலோடு கலக்கும் காற்றுக்கு, இன்னொன்று வேகமாக ஓடும்போது கலக்கும் காற்றுக்கு. இரண்டையும் நான் ரப்பரால் அடைத்து, கிளாம்ப் போட்டு முறுக்கி வைத்திருந்தேன். திருட்டுக் காற்று நுழையக் கூடாது என்று பார்த்தவள், முறையாக வர வேண்டிய காற்றை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். தெரியாத வேலையில் செய்த தப்பாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலையில் செய்த தப்பு.

திட்டிக்கொள்ள நேரமில்லை. பல் செட் குத்துகிறது என்று யாராவது வந்தால் அதில் வெள்ளைப் பசையைத் தடவி வாயில் போடச் சொல்வோம். எடுத்துப் பார்த்தால் எங்கே அழுத்துகிறதோ அங்கே பசை அழிந்திருக்கும், அந்த இடத்தை மட்டும் அரைத்துவிட வேண்டும். அதையே செய்தேன். ரப்பர் உதட்டில் பசை தடவி மாட்டி, கழற்றி, அழிந்த இடத்தை வேலைப் பையில் இருந்த சின்னக் கைமோட்டாரால் துளித்துளியாக அரைத்தேன். மறுபடி பசை, மறுபடி அரைப்பு. நான்காவது முறை இரண்டு ஓட்டைகளின் முன்னாலும் பசை அழியாமல் இருந்தது. வெளி விளிம்பில் மட்டும் இறுக்கம் குறையவில்லை. வலது பக்க ஃபில்டருக்கும் அதே வைத்தியம்.

கிக்கரை ஒரே உதை. வண்டி பேச ஆரம்பித்தது. அதுவரை தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு சிலிண்டரிலும் மாறி மாறித் தெளிவாக அடித்தது.

இப்போதுதான் ஜெட் பார்க்கும் வேலையே தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் மூடிக்கிடக்கும் மரக்கிடங்கின் உள்சாலையில் ஓட்டிப் பார்க்கக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அவர் வாயில் இருப்பது என் கைவேலை, மறுப்பாரா? முழு வேகத்தில் போய், சட்டென்று எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, சூட்டோடு பிளக்கைக் கழற்றினேன். நூற்றைந்தில் வெள்ளை. நூற்றுப்பத்திலும் வெளுப்பு. கடைக்காரர் சொன்னது சரிதான், திறந்த ஃபில்டருக்குப் பெரிய ஜெட் வேண்டும். நூற்றுப் பதினைந்தில் லேசாக நிறம் வந்தது. நூற்றிருபதில் இரண்டு பிளக்கும் பிஸ்கட் நிறம்.

கடைசியாக இரண்டு கார்புரேட்டர்களையும் ஒரே அளவில் இழுக்க வைத்தேன். உள்ளே தெரியும் ஒரு நீளப் பிளாஸ்டிக் குழாயில் பாதிக்கு எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு பக்கமும் செருகி, இரு பக்கத்திலும் எண்ணெய் சமமாக நிற்கும்வரை திருகைத் திருப்பினேன். மருத்துவமனையில் எச்சில் உறிஞ்சும் குழாய்தான் அது, டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லாம் முடிந்தபோது மணி ஐந்தரை.

முழங்கை வரை கரியோடு சமையலறைக்குள் போனேன். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ரேடியோ அணைந்திருந்தது.

"ரெண்டு ஓட்டையும் திறந்திருச்சா?" என்றார்.

நான் குழாயைத் திறக்கப் போன கையை அப்படியே நிறுத்தினேன். ஓட்டை என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"எந்த ஓட்டை?"

அவர் தோள் குறுகியது. நாக்கைக் கடித்துக்கொண்டது பின்னாலிருந்தே தெரிந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ மாட்டின அன்னைக்கே. ரப்பர் ரொம்ப உள்ள போயிருந்துச்சு."

"ரெண்டு தடவை தோத்துட்டு வந்தேன். லாரிக்காரங்க முன்னாடி தள்ளிட்டு வந்தேன். அழுத முகத்தோட உங்க முன்னாடிதானே வந்து நின்னேன்? பாத்துட்டுதானே இருந்தீங்க?"

"பாத்துட்டுதான் இருந்தேன்."

"ஏன்?"

"ஓடிட்டா நான் ஏறணுமே."

கையில் கிடைத்த எவர்சில்வர் டம்ளரை ஓங்கித் தரையில் போட்டேன். அது உருண்டு அவர் நாற்காலிக் காலில் முட்டி நின்றது. "பின் சீட்ல உட்காந்தா உங்க கௌரவம் குறைஞ்சிடுமா? அதுக்காக ஒரு கண்ணையே விட்டுக் கொடுப்பீங்களா?"

"கௌரவமாவது மண்ணாவது." அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "போன தடவை அந்த டாக்டரு என்ன சொன்னாரு? 'இந்தக் கண்ணு முடிஞ்சுது'ன்னாரு. ஏதோ டயரு தேஞ்சிடுச்சுங்கற மாதிரி. இன்னொரு தடவை அந்த நாற்காலில உட்காந்து அதைக் கேக்க எனக்கு தெம்பு இல்ல. போகாம இருந்தா, சொல்லாம இருப்பாருல்ல?"

இருபத்தாறு வருடம் ஐம்பது அறுபது பேரைப் பின்னால் உட்கார வைத்து மலைப்பாதையில் ஓட்டியவர். அவரும் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் போகவில்லை. ஆனால் அதோடு சேர்த்து அவர்மேல் தாங்க முடியாத பாவமும் வந்தது.

டம்ளரை எடுத்துக் கழுவினேன். "சொல்லலைன்னா கண்ணு போகாம இருந்துடுமா? நாளைக்கு நான் ஆய்வுக்குப் போறேன், தேறிட்டு வருவேன். நாளன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு நீங்க சட்டை போட்டுட்டு வாசல்ல நிக்கணும். அந்த நாற்காலி பக்கத்துல நானும் நிப்பேன். அவர் என்ன சொன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம். புரிஞ்சுதா டிரைவர் சார்?"

டீ போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

மறுநாள் காலை வண்டியை வெளியே தள்ளும்போது படியில் நின்று குரல் கொடுத்தார். "சரிவுல பாதில நிறுத்தச் சொல்லுவான். பிரேக்கை விடறதுக்கு முன்னாடி கிளட்சு பிடிக்குதான்னு காதால கேளு. சத்தம் லேசா இறங்கும். அப்ப விடு."

ஆய்வாளர் குழாயில் கருவியைச் செருகினார். திரையைப் பார்த்தார், கருவியைத் தட்டினார், மறுபடி பார்த்தார். சரிவு மேடையில் பாதியில் நிறுத்தச் சொன்னார். சத்தம் லேசாக இறங்கியது, பிரேக்கை விட்டேன். வண்டி சிலுப்பிக்கொள்ளாமல் மேலே ஏறி நின்றது.

"எந்த ஒர்க்‌ஷாப்புல விட்டீங்க?"

"பல் ஆஸ்பத்திரில" என்றேன். விளக்கம் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, நான் சரிசெய்தேன். நாத்தனார் தன் வீட்டு மாடியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். ஏறுவதற்கு இடது பக்கம் கால்வைக்கும் கட்டை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் காலைப் பிடித்து வைத்துவிட்டேன். கை வைக்க இடம் தெரியாமல் தடுமாறி, கடைசியில் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சொன்ன வாக்குப்படி வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்பு வரும்போதும் அவருடைய வலது முழங்கால் என் இடுப்பில் இடித்தது. இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தார். பதினான்கு கிலோமீட்டரும் இரண்டு பேருமாகச் சேர்ந்தே பிரேக் போட்டோம்.

டாக்டர் அளந்தார். அழுத்தம் ஏறியிருந்தது, பார்வை நரம்பு இன்னும் கெடவில்லை. மருந்தை மாற்றி எழுதினார். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கஷ்டம். இனி மாசா மாசம் வாங்க, பிடிச்சு நிறுத்திடலாம்" என்றார். டிரைவர் என் கையை எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. விடும்போது என் விரலெல்லாம் வெளுத்திருந்தது.

திரும்பும்போது ஆஸ்பத்திரிக் கேட்டிலிருந்து பெரிய சாலையில் சேர வேண்டும். வலது பக்கம் வளைவு, வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். நிறுத்தியிருந்த ஒரு வேன் மறைத்தது. எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அவர் சற்று எழும்பி, ஒரு கையை என் தோளில் வைத்தார். முழங்கால் இடிக்கவில்லை.

"வலது பக்கம் நான் பாக்கறேன்" என்றார். ஒரு பேருந்து போயிற்று, இரண்டு கார்கள் போயின. "இப்ப காலி. எடு."

நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கிளட்சை விட்டேன்.